புகைக்குப் பின்னால் இருப்பவர்

சாக்சபோனோடு உட்கார்ந்திருக்கிறார் டெக்ஸ்டர் கார்டன். சிகரெட் புகை சுருண்டு சுருண்டு மேலே எழும்புகிறது. 1948இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் விடுதியில் ஹெர்மன் லெனர்ட் எடுத்த படம். ஜாஸ் என்றாலே பலருக்கும் இந்தப் புகைதான் ஞாபகம் வரும். இது போன்ற படங்களைக் கையெழுத்திட்டு, எண்ணிட்டு, 'இத்தனை பிரதிதான்' என்று வரம்பு கட்டிக் கலைச்சந்தையில் விற்கிறார்கள்.

ஒரு நெகடிவிலிருந்து ஆயிரம் பிரதி போடலாம். போடாமல் நிறுத்தி வைப்பதில்தான் விலையே இருக்கிறது. அந்த விலையில் படத்தில் இருப்பவருக்கு என்ன பங்கு? அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்கு, இல்லையென்றால் அவரை வேலைக்கு வைத்தவருக்கு. ஊதினவருக்கு இல்லை.

லெனர்டைச் சும்மா குறை சொல்லக்கூடாது. கறுப்பர்களைக் கோமாளிகளாகவே காட்டிப் பழகிய நாட்டில் அவர்களைக் கம்பீரமாக உட்கார வைத்தவர். ஆனாலும் பின்னாலிருந்து அடிக்கும் அந்த வெளிச்சத்தில் புகை அழகாகிறது, உழைப்பு மறைந்துபோகிறது. வாங்கி மாட்டுகிறவருக்கு அதுதானே வசதி!

பில்லி ஹாலிடேயை வில்லியம் காட்லீப் எடுத்த புகழ்பெற்ற படம் 1947ஆம் ஆண்டினது. அதே ஆண்டில் போதைப்பொருள் வழக்கில் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். வெளியே வந்த பிறகும், மது விற்கும் நியூயார்க் விடுதிகளில் பாடுவதற்கான அனுமதி அட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. பாட்டைத்தான் தடுத்தார்கள், படம் ஊர் ஊராகப் போனது. காட்லீப் ஒரு நல்ல காரியம் செய்தார். அவருடைய படங்களை 1995இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது. அவர் விருப்பப்படி 2010இல் அவை பொதுச்சொத்தாயின. இப்போ யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம்.

ராய் டிகராவா 1919இல் ஹார்லெமில் பிறந்த கறுப்பர். அவரும் பிரதி விற்றவர்தான். 1955இல் தன் வீட்டிலேயே காட்சிக்கூடம் நடத்தினார். ஆனால் ஃப்ளாஷ் போடமாட்டார். இருக்கிற வெளிச்சம் போதும். 1960இல் எடுத்த ஒரு படத்தில் கோல்ட்ரேனும் பென் வெப்ஸ்டரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். பார்ப்பவருக்காக அல்ல, அவர்களுக்காக. இந்த வகைப் படங்களைச் சேர்த்து 1960களின் தொடக்கத்தில் 'நான் கண்ட ஓசை' என்று தானே ஒரு நூலை வடிவமைத்தார். அது அச்சேறியது 2001இல். ஏறக்குறைய நாற்பது வருஷம்!

அவருடைய கறுப்பு எட்டி நின்று பார்க்கிறவருக்கு வெறும் இருட்டு. கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் நின்றால்தான் முகம் பிடிபடும்.