ஐந்தடி வழியும் ஒரு குட்டிக் கேமராவும்

நடுநிலையோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பத்திகூட அப்படித் தாக்குப்பிடிக்கவில்லை. வீட்டில் கேட்டால் என் நிலைமையைச் சொல்வார்கள்: பசியாறப் போனாலும் அது கழுத்தில் தொங்குகிறது, மீன் வாங்கப் போனாலும் தொங்குகிறது, மழைக்குக் கடைவாசலில் ஒதுங்கி நின்றாலும் கை அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-ஈ4. 2021-இல் வந்த மிரர்லெஸ் கேமரா. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 364 கிராம். முன்னால் மாட்டியிருக்கும் 27 மில்லிமீட்டர் லென்ஸ் 84 கிராம். சட்டைப் பையில் போட முடியாதுதான். ஆனால் போட்டுப் பார்க்கத் தோன்றும்.

இதற்கு முன் பல வருடங்கள் என் தோளை ஆண்டது நிக்கான் டி700. அந்தக் கேமராவை நிக்கான் அறிவித்தது 2008 ஜூலை 1-ஆம் தேதி. சரியாக ஆறு நாள் கழித்து, ஜூலை 7-ஆம் தேதி, மலாக்காவோடு சேர்த்து எங்கள் பினாங்கின் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக்கியது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எனக்கு மட்டும் இருந்தது. இடிந்து கிடந்த கடைவீடுகள் ஒவ்வொன்றாகச் சாயம் பூசிக்கொண்டு காப்பிக்கடையும் தங்கும் விடுதியுமாக மாறியதை எல்லாம் நான் அந்த டி700-இன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அது முழுச்சட்டக டிஎஸ்எல்ஆர். 12 மெகாபிக்சல். நிக்கானின் அன்றைய ராஜா டி3-க்குள் இருந்த அதே சென்சார். பேட்டரி இல்லாமலே 995 கிராம். அதில் நான் மாட்டி வைத்திருந்த 24-70 எஃப் 2.8 லென்ஸ் இன்னொரு 900 கிராம். ஏறக்குறைய இரண்டு கிலோவைச் சுமந்துகொண்டு லெபு சூலியாவில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கழுத்துக்குப் பின்னால் ஒரு எலும்பு இருக்கிறது என்பது.

எடையில் நான் கொஞ்சம் அழுகுணி ஆட்டம் ஆடுகிறேன் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். அந்தப் பெரிய ஜூமைக் கழற்றிவிட்டு 155 கிராம் எடையுள்ள பழைய 50 எஃப் 1.8 டி லென்ஸை மாட்டினால் டி700-உம் ஒரு கிலோ சொச்சத்துக்கு இறங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிரர்லெஸ் என்பதாலேயே எல்லாம் சிறிதாகிவிடாது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று, வரும் ஒளியை மேலே பெண்டாபிரிசத்துக்கு அனுப்புகிறது. அந்தக் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். அதனால்தான் நிக்கானின் எஃப் மவுண்டில் சென்சார் 46.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஃபியூஜியில் அது 17.7 மில்லிமீட்டர்தான். உடம்பு ஒல்லியானது அதனால். லென்ஸ் குட்டியானதற்குக் காரணம் வேறு: சென்சாரே சிறியது. டி700-இன் சென்சார் பரப்பளவில் பாதிக்கும் குறைவு. சோனி ஏ7சி-யில் முழுச்சட்டகச் சென்சாரையே 509 கிராம் உடம்புக்குள் அடைத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு 24-70 எஃப் 2.8 ஜூம் மாட்டிப் பாருங்கள், மூக்கு பழையபடி நீண்டுவிடும். ஒளியியலை யாராலும் ஏமாற்ற முடியாது.

போதும் கணக்கு. காக்கி லீமாவுக்குப் போவோம்.

பினாங்கு தெரியாதவர்களுக்கு: கடைவீடுகளின் முன்பக்கம், மேல்மாடியின் அடியில் ஓடும் ஐந்தடி நடைபாதைக்கு இங்கே அதுதான் பெயர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கட்டியது. பூக்கட்டுகிறவர், நகைக்கடைக் காவலாளி, சாய்வு நாற்காலியில் சீன நாளிதழ் படிக்கும் தாத்தா, ஊதுபத்தி வைத்த சிவப்பு மாடம், சாத்தி வைத்த சைக்கிள் என்று ஊரே அந்த ஐந்தடிக்குள்தான் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் பொல்லாதது. பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகை தள்ளித்தான் இருக்கிறோம். விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சூரியன் ஏணி வைத்து ஏறியதுபோல் தலைக்கு மேல் போய்விடும். நண்பகலில் தெரு வெள்ளையாய் எரியும். நடைபாதைக்குள்ளோ அந்தி. முகத்துக்கு அளந்தால் தெரு காணாமல் போகும், தெருவுக்கு அளந்தால் முகம் காணாமல் போகும்.

டி700-இல் இதைப் படம் பிடிப்பது அனுபவத்தால் வரும் ஊகம். கண்ணுக்குத் தெரிவது அசல் காட்சி. கேமரா அதை எப்படிப் பதியப் போகிறது என்பது பட்டனை அழுத்திப் பின்னால் திரையைப் பார்த்த பிறகுதான் தெரியும். அழுத்து, குனி, பார், திருத்து, மறுபடி அழுத்து. அதற்குள் தாத்தா நாளிதழை மடித்துவிட்டு உள்ளே போயிருப்பார்.

எக்ஸ்-ஈ4-இன் மின்திரைக் கண்ணாடியில் முதன்முதலாகக் காக்கி லீமாவைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகை இல்லை. எக்ஸ்போஷர் திருத்தும் வளையத்தை விரலால் உருட்ட உருட்ட, எதிர்க்கடைப் பலகையில் எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறது, தாத்தாவின் கன்னம் மெல்ல இருட்டுக்குள் அடங்குகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று என் கண்ணே சொல்கிறது. படம் எடுப்பதற்கு முன்பே படம் அங்கே இருக்கிறது! அதோடு டைனமிக் ரேஞ்ச் 400 என்று ஓர் அமைப்பு. ஐஎஸ்ஓவை 640-க்கு ஏற்றிவிட்டு அதைப் போட்டால், கேமரா காட்சியை இரண்டு ஸ்டாப் அடக்கிப் பதிந்துகொண்டு நிழலை மட்டும் தூக்கிக் கொடுக்கிறது. வெந்துபோன தெருவில் மேகம்கூடத் தெரிகிறது. பழைய கேமராவில் நிழலை அந்த அளவுக்குத் தூக்கினால் புள்ளி புள்ளியாய் நிறம் பூத்துவிடும். பதின்மூன்று வருடத் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஒரு இருட்டு மூலையைத்தான் காட்டுவேன்.

டி700-இன் கண்ணாடியில் இன்னொரு விஷமம் உண்டு. அது சட்டத்தில் 95 விழுக்காட்டைத்தான் காட்டும். மீதி ஐந்து விழுக்காட்டில் யாரோ ஒருவருடைய மோட்டாரின் பக்கக் கண்ணாடி வந்து உட்கார்ந்துகொள்ளும். லெபு பாசாரில் மோட்டார் இல்லாத ஓரம் எது?

ஆனாலும் படத்தின் தரத்தைவிட எனக்குத் தலைகால் புரியாமல் செய்தது மனிதர்கள்தான். லெபு குவீன், லெபு கிங் பக்கத்து ஒட்டுக்கடைகளில் தே தாரிக் ஆற்றுகிறவர்களை நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். பெரிய கேமராவைத் தூக்கினாலே ஒரு நாடகம் தொடங்கும். டி700-இன் ஷட்டர் அடிக்கும் அடி நாலு மேசைக்குக் கேட்கும். உடனே அண்ணன் நிமிர்ந்து, சிரித்து, இரண்டு மடங்கு உயரத்துக்குத் தேநீரை இழுத்து, "தம்பி, பேப்பர்ல வருமா லா?" என்பார். நல்ல படம்தான், சுற்றுலாத் துறைக்கு. குட்டிக் கேமராவை இடுப்பளவில் வைத்து, சாய்திரையைக் குனிந்து பார்த்தபடி, மின் ஷட்டரில் சத்தமே இல்லாமல் எடுத்தபோதுதான் தெரிந்தது: அவர் ஆற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார். எடுத்த பிறகு திரையில் காட்டினேன். "இதுவா? பிள்ளைங்க விளையாடுற சாமான்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லி, கடித்த உதட்டைப் பார்த்து வெட்கப்பட்டார். படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கிறார்.

சின்ன லென்ஸைப் பார்த்து எவரும் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை. நாகூர் தர்காவின் பச்சைச் சுவரோரம் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களாகட்டும், 1833-இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில் வாசலில் செருப்பு விடும் கும்பலாகட்டும், பேச்சு அறுபடுவதில்லை. கேட்டுவிட்டு எடுப்பவன்தான் நான். கேட்ட பிறகும் அவர்கள் அவர்களாகவே இருப்பதுதான் இந்தக் கேமராவின் மாயம்.

நிறத்தைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், ஆகவே சுருக்கமாக: கிளாசிக் குரோம். லெபு ஆர்மேனியனின் நீலச் சுவருக்கும், உதிர்ந்த சுண்ணாம்புக்கும், மழைக்குப் பிந்திய சாம்பல் வானத்துக்கும் அளந்து தைத்த நிறம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலையே பாதி போய்விட்டது. (அந்தத் தெருவில் எர்னஸ்ட் ஜக்கரெவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளை மட்டும் நான் எடுப்பதில்லை. வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை.) வீடியோவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, டி700-இல் அது கிடையாது, இதில் இருக்கிறது, நான் தொட்டதில்லை.

இப்படியெல்லாம் குதித்துவிட்டு டி700-ஐ விற்றுவிட்டேனா? அதுதான் இல்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில், லெபு பினாங்குக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். 1894-இல் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த ரதம். தண்ணீர்மலை நகரத்தார் கோவிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். வழிநெடுக மலைமலையாய்த் தேங்காய். தமிழரும் சீனரும் போட்டி போட்டுக்கொண்டு உடைக்க, ஓட்டுத் துண்டு காதோரம் பறக்கும், இளநீர் தெருவில் ஓடும். மறுநாள் காவடிகள், தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கி, மலைமேல் பாலதண்டாயுதபாணிக்கு 513 படி. அங்கே குட்டிக் கேமரா திணறுகிறது. ஒரு காவடியின் கண்ணைப் பிடிக்கச் சொன்னால், நடுவே வரும் ஒவ்வொரு அத்தையின் கண்ணையும் பிடித்துப் பார்க்கிறது. ஃபோகஸ் புள்ளிகள் 425 இருந்து என்ன? டி700-இல் 51-தான், அதுவும் நடுவிலேயே கும்பலாக. ஆனால் ஒன்றைக் குறிவைத்தால் விடாது. பந்தல்களின் எல்இடி விளக்கில் மின் ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாய்க் கோடு விழும்; சத்தமுள்ள ஷட்டருக்குத்தான் மாற வேண்டும். பேட்டரியோ, தயாரிப்பாளர் கணக்கிலேயே ஃபியூஜிக்கு 380 படம், நிக்கானுக்கு 1000. ரதம் பாதி வழி வருவதற்குள் பவர் பேங்கைத் தேட வைத்துவிடும். யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறுவது ஒரு புண்ணியம்.

மழை இன்னொன்று. டி700-இன் மக்னீசிய உடம்பு தூறலைச் சட்டை செய்யாது. ஃபியூஜியில் வேடிக்கையைப் பாருங்கள்: லென்ஸ் மழை தாங்கும், கேமரா தாங்காது! எந்தப் பொறியாளர் யோசித்ததோ. பினாங்கில் மாலை மழைக்கு நாள்காட்டி கிடையாது என்பதால் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை. பிடிமானமும் குறைவு; முன்பக்கம் சோப்புக்கட்டி போல வழவழவென்று இருக்கும், கட்டைவிரல் பிடி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன். இரண்டுக்கும் பொதுவான எதிரி ஈரப்பதம்தான். இங்கே லென்ஸை அலமாரியில் சும்மா வைத்தால் உள்ளே பூஞ்சை கோலம் போட்டுவிடும். டிரை கேபினட் இல்லாமல் இந்த ஊரில் கேமரா வாங்காதீர்கள். அதற்கும் சில நூறு வெள்ளி ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கேமரா பாருங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: எக்ஸ்-ஈ4 இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதுதான் கிடைக்கும். அதற்கும் கிராக்கி. 2025-இல் வந்த எக்ஸ்-ஈ5-இல் 40 மெகாபிக்சல், கைநடுக்கம் தாங்கும் சென்சார் எல்லாம் உண்டு, எடை 445 கிராம். கடையில் எடுத்துப் பார்த்தேன், அழகு. ஆனால் எனக்கு 26 மெகாபிக்சலே இருபது அங்குல பிரிண்டுக்குப் போதுகிறது. கையில் கொஞ்சம் காசும் தோளில் நிறைய வலுவும் உள்ளவர்கள் பழைய டி700 ஒன்றைத் தேடி வாங்குங்கள். பெரிய பிக்சல்களில் ஐஎஸ்ஓ 3200-இல் அது கொடுக்கும் தோல் நிறத்துக்கு இன்னும் நான் அடிமை. அதன் கண்ணாடியில் உலகம் மின்திரையில் தெரிவதைவிடப் பெரிதாய், உயிரோடு தெரியும்.

கல்யாணங்களில் மட்டும் குட்டி எடுபடுவதில்லை. பெரிய கேமராவோடு போனால் மாமாக்கள் வழிவிடுவார்கள், யாராவது ஓடிவந்து நாற்காலி போடுவார்கள். குட்டியோடு மேடையேறினால், "தம்பி, கொஞ்சம் ஓரமா போப்பா, கேமராமேனுக்கு மறைக்குது" என்கிறார்கள். அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். சித்தி நேற்றே போனில் கறாராய்ச் சொல்லிவிட்டார்: "ஐயா, அந்தப் பொம்மைய வீட்ல வெச்சிட்டு, நல்ல கேமராவா பாத்து எடுத்துக்கிட்டு வா." டி700-க்குச் சார்ஜ் போட்டிருக்கிறேன். குட்டியையும் ஜிப்பாப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோவேன் என்பது சித்திக்குத் தெரிய வேண்டாம்.