வெள்ளாங்குருகு எங்கே நிற்கிறது?

ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு அம்மூவனார் பாடியது. அதிலுள்ள சில பத்துகளின் பெயர்களை மட்டும் வாசித்துப் பாருங்கள்: ஞாழற் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, நெய்தற் பத்து. ஒரு மரம், இரண்டு பறவைகள், ஒரு பூ. காதலும் பிரிவும் பேசுகிற பாட்டுகளுக்கு அடையாளமாக நின்றவை இவைதான்.

வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாட்டும் ஒரே காட்சியில் தொடங்கும். குருகின் குஞ்சு இறந்துவிட்டது. பார்க்கப் போகிறது ஒரு நாரை. உரைகாரர்கள் இதை உள்ளுறை என்று பிரிப்பார்கள். குருகு பரத்தை ஆகிவிடும், நாரை வாயில்களாகிவிடும். அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பறையில் பாடம் அதோடு முடிந்துவிடும். பறவையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொல்காப்பியம் உள்ளுறைக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: தெய்வம் ஆகாது, மற்றக் கருப்பொருள்களே அதற்கு நிலம். மரமும் புள்ளும் மாவும்தான் உள்ளே ஒளிந்த அர்த்தத்தைத் தாங்குகின்றன. கேட்பவருக்கு நாரையின் நடை தெரிந்திருந்தால்தான் தோழி சொல்லாமல் சொன்னது சுருக்கென்று குத்தும். நாரையைத் தெரியாதவருக்கு உள்ளுறை வெறும் வாய்ப்பாடு.

இந்தக் கேள்வியை என்னால் ஏட்டில் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலை பள்ளிக்கரணையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் கழுவெளி. தென்புறநகர் ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. ஏரித் தண்ணீரும் உப்பங்கழியும் சந்திக்கிற நிலம். மருதமா நெய்தலா என்று கேட்டால் திணைமயக்கம் என்றுதான் சொல்லவேண்டும். கோரையும் சம்பும் வளர்கின்றன. நீலத் தாழைக்கோழி நாணலுக்குள் நடக்கிறது, நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைமேல் கால் வைத்துப் போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. பக்கத்திலேயே பெருங்குடி குப்பைமேடு.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் நிலம் இது. 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,247 ஹெக்டேர். இவ்வளவு சுருங்கியதற்கு லாரியும் காங்கிரீட்டும் மட்டுமா காரணம்? 'கழுவெளி' என்ற சொல் 'தரிசு' ஆனபோதே பாதி வேலை முடிந்துவிட்டது. தரிசில் குப்பை கொட்ட யாருக்கும் கூசாது.

'சங்கப்பாட்டு இயற்கை ஆவணம் இல்லப்பா, எல்லாம் மரபு' என்று நண்பர்கள் சொல்வார்கள். சரிதான், கடலைப் பார்க்காமலே நெய்தல் பாடியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் மரபு என்பது பலர் பார்த்ததன் சேமிப்பு. சேமித்ததை எடுத்துச் செலவழிக்கிறோமே, திரும்ப எதைப் போடுகிறோம்?

போட்டவர்கள் இல்லாமல் இல்லை. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று நூலாக வந்திருக்கின்றன, தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். பறவைகளைச் சரியான தமிழ்ப் பெயர் சொல்லி எழுதவேண்டும் என்று பாஸ்கரன் விடாமல் வலியுறுத்தி வந்திருக்கிறார். நம் விமர்சனம் இவர்களைச் 'சூழலியல்' அலமாரியில் மரியாதையாக வைத்துப் பூட்டிவிட்டது. உரைநடைக் கலைஞர்களாக வாசித்தவர்கள் குறைவு. ஒரு பறவையின் பெயரைத் துல்லியமாகச் சொல்வதும் மொழிச்செயல்தான் என்பதை நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் விளைவு 2015 டிசம்பரில் தெரிந்தது. முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கின. 'ஏரி தன் இடத்தைத் திரும்பக் கேட்டது' என்ற வரி எத்தனை கவிதைகளில், எத்தனை பதிவுகளில் வந்தது! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த வரியில் பட்டா கொடுத்தவர் இல்லை, மனை பிரித்தவர் இல்லை, வாங்கிய நாமும் இல்லை. ஏரிக்கு ஆளுமை கொடுத்து மனிதர்களைத் தப்பவிடுகிற வரி அது. அந்த ஏரியில் ஒரு கோரைப்புல்கூடக் கிடையாது.

அம்மூவனாரின் குருகு யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. அது கழியில் நிற்கிறது, குஞ்சை இழந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை முதலில் குருகாக வாசிப்போம். பரத்தையும் வாயிலும் பிறகு வரட்டும். கழுவெளியில் மிச்சமிருப்பதையும் இழந்துவிட்டால், இந்தப் பத்துப் பாட்டுக்கும் அகராதி மட்டுமே துணையாகிவிடும்.