கிழிந்த சட்டையும் வெள்ளைச் சட்டையும்

ஏழைச் சிறுவன் ஒருவனைக் கதைக்குள் கொண்டுவர வேண்டுமா? கிழிந்த சட்டையொன்றை அவனுக்கு மாட்டிவிட்டால் போதும் என்று நம் எழுத்தாளர்கள் சிலர் இன்றும் எண்ணுகின்றனர். வன்னியில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இவ்வுத்தி உண்மைக்குப் புறம்பாகவே தோன்றுகிறது.

ஒரு காலத்தில் அது உண்மையே. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுத வந்த நாட்களில், யாழ்ப்பாணத்துச் சாதிச் சமூகம் உடுப்பையும் பிறப்பைப் பார்த்தே அளந்தது. ஒடுக்கப்பட்டோர் மேலாடை அணிவதையே குற்றமாகக் கண்ட கொடுமை அன்று பழங்கதையாகிவிடவில்லை. ஆகவே, அன்றைய கதையில் சட்டை என்பது வெறும் துணியன்று; உரிமை.

பின்னர் நிலைமை மாறிற்று. 1945 இல் வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. உடுப்பில்லாப் பிள்ளையோ வாசலிலேயே தயங்கி நின்றது. 1993 முதல் அரசு சீருடைத் துணியையும் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. காணிக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் நின்றனர். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டு, கையில் கிடைத்ததை உடுத்திருந்த பிள்ளைகளை நினைப்போர், சீருடையின் பெறுமதியை ஒருபோதும் குறைத்து மதிப்பிடார்.

ஆனால், வறுமை ஒழிந்ததா? இல்லை, அது வெள்ளை உடுத்துக்கொண்டது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி மாரி காலத்தில் அடிக்கடி வருவதில்லை. காரணம் கேட்டேன். இருப்பது ஒரே சட்டை. முதல்நாள் மாலை துவைத்தது காயவில்லை. வரவு இடாப்பில் அது வெறும் 'வரவில்லை'. அவளுடைய தாயோ, போருக்குப் பின் இங்கு எழுந்த ஆடைத் தொழிற்சாலையொன்றில், கடல்கடந்து செல்லும் உடுப்புகளை நாள்முழுதும் தைப்பவர். உலகுக்கே ஆடை ஏற்றுமதி செய்யும் இந்நாடு, 2025 ஆம் ஆண்டுச் சீருடைத் துணி முழுவதையும் சீனாவிடம் நன்கொடையாகப் பெற்றது. இந்த முரண்பாட்டைக் கேள்விக்குட்படுத்தும் சிறுகதை எங்கே?

கிழிசலைத் தேடும் எழுத்தாளர், அவிழ்த்து நீட்டிய கீழ்மடிப்பில் தெரியும் பழைய கோட்டைக் காண்பதில்லை. மூத்தவளின் சட்டை இளையவளுக்கு வந்த வரலாறு அங்கே இருக்கிறது. இரக்கத்துக்குக் கிழிசல் போதும். யதார்த்தத்துக்கு அது போதாது. காயாத ஒரு சட்டை ஏன் ஒரு பிள்ளையின் கல்வியைத் தடுக்கிறது என்று கேட்பதே முற்போக்கு எழுத்தின் இன்றைய கடமை.