சோக்குக்கு விலை உண்டு, குழலுக்கு இல்லை

ராஜபாளையம் நூற்பாலையிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையிலோ டியூப்லைட்டைக் கழற்றி எல்.இ.டி. மாட்டும்போது, பழைய பட்டியிலிருந்து முதலில் பிரிந்து போவது சோக்தான். உள்ளே செம்புக் கம்பி இருந்தால் காயலான் கடையில் நல்ல விலைக்குப் போகும். குழலை யாரும் கேட்பதில்லை. அது குப்பை வண்டிக்குப் போகிறது, பெரும்பாலும் உடைந்து.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2016 மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் பட்டியலில் சேர்த்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2022 விதிகளின்படி, ஆயிரம் மின் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பெரிய ஆலைகள் இதற்குள் வந்துவிடும்.

முறையாக நடந்தால் நல்ல ஏற்பாடுதான். குழலை மூடிய இயந்திரத்தில் உடைத்து, ஆவியைக் கரி வடிகட்டியில் பிடித்து, கண்ணாடி, அலுமினிய மூடி, ஒளிர்பொடி மூன்றையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். பொடியைச் சூடாக்கினால் பாதரசம் திரும்பக் கிடைக்கும். பீப்பாய் மேல் பொருத்தும் சிறு நொறுக்கிகளை மட்டும் நான் நம்பமாட்டேன். அவற்றின் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் ஆவி கசிவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வே காட்டியது.

ஒரு குழலில் இருப்பது சுமார் 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம். பழைய 40 வாட் தடித்த குழல்களில் இன்னும் கூடுதல். ஆயிரம் குழல்களைச் சேர்த்தாலும் சில தெர்மாமீட்டர்களின் அளவே தேறும். அதற்காக லாரி பிடித்து அனுப்ப வேண்டுமா என்று ஆலைக் கணக்காளர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆவி ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. காற்றோட்டமில்லாத கிட்டங்கியில் குழல்களை உடைப்பவரின் மூச்சில்தான் அதிகம் ஏறும். அளவு பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடைக்கானலே சாட்சி. அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது 2001இல் அம்பலமானது, ஆலை மூடப்பட்டது. அந்தக் கழிவை 2003இல் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

இன்றைய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை அதன் கணக்கில்தான். மறுசுழற்சி செய்பவரிடம் தயாரிப்பு நிறுவனங்கள் வாங்க வேண்டிய சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களுக்கே கிடைக்கிறது. பாதரசத்தைப் பிடித்து வைப்பவருக்கு அதில் வரவு இல்லை. காயலான் கடைக்காரரின் தராசைத்தான் அரசும் கையில் எடுத்திருக்கிறது! போதாக்குறைக்கு, குறுந்தொழில்கள் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறு தறிக்கூடமும் ஸ்ரீவில்லிபுத்தூர் மிட்டாய்க் கடையும் குழலை எங்கே போட்டாலும் கேட்பாரில்லை.

விற்கும்போதே சிறு வைப்புத்தொகை வாங்கி, குழலைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடலாம். 2016 விதிகள் அதற்கு இடம் தந்தன. அப்போதே எலக்ட்ரிகல் கடைகளில் அதைப் பழக்கியிருக்க வேண்டும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி நீளக் குழல் விளக்குகளின் உற்பத்தி 2027உடன் நிற்கவேண்டும். இனி வைப்புத்தொகை வாங்கப் புதுக் குழல்கள் அதிகம் விற்காது. ஏற்கெனவே கூரையில் தொங்குபவற்றுக்கு ஆலைகளின் லாரியிலேயே தறிக்கூடத்துக் குழல்களையும் ஏற்றி அனுப்பலாம். கூலியைத் தயாரிப்பு நிறுவனங்கள் தரட்டும்.