தொடுதிரையும் உழைக்கும் கையும்

'தொடுதல்' நமது சமூக வரலாற்றில் ஒரு சாதாரண வினையன்று. ஆகம வழிப்பட்ட கோயில்களில் மூலமூர்த்தியைத் தொடும் உரிமை குருக்களுக்கே உரியது. ஏனையோர்க்குக் காட்சி மட்டுமே. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அக்காட்சியும் மறுக்கப்பட்டமையாலேயே 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. இப்பின்னணியில் நோக்கும்போது, எவரும் எப்படத்தையும் விரலால் நகர்த்தவும் விரிக்கவும் இடமளிக்கும் தொடுதிரை, படிமத்தைப் பொதுவுடைமையாக்கிவிட்டது போலத் தோன்றும். இத்தோற்றத்தை முற்றாக நிராகரிப்பது எமது நோக்கமன்று. அதன் எல்லை யாதென்பதே நாம் எழுப்பும் வினா.

வால்ரர் பெஞ்சமின் 1930களில் இயந்திர மறுவுற்பத்தி யுகத்துக் கலை பற்றி எழுதிய கட்டுரையில், படம் ஆக்கும் பணியிலிருந்து கையை விடுவித்து, அப்பணியைக் கண்ணிடம் புகைப்படக்கலை ஒப்படைத்தமையைச் சுட்டினார். 2007இல் ஐபோன் வெளிவந்த பின்னர் கை மீண்டும் படத்தை அடைந்துள்ளது. ஆனால் நுகர்வோனின் விரல் நுனியாகவே அடைந்துள்ளது. அவ்விரலின் அசைவை இனங்காணும் முறையும் தனியுடைமையாயிற்று. பல விரல் தொடுகையை உணரும் கருவியொன்று 1982இலேயே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளின் பின், 2012 ஆகஸ்டில், கலிபோர்னிய நீதிமன்றமொன்றின் ஜூரிமார், அப்பிள் நிறுவனத்தின் காப்புரிமைகளை மீறியமைக்காகச் சாம்சுங் நிறுவனம் நூறு கோடி டொலருக்கு மேல் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்த்தனர். திரையைத் தட்டிப் பெருப்பித்தல், ஒரு விரல் அசைவையும் இருவிரல் அசைவையும் பிரித்தறிதல் என்பனவும் அக்காப்புரிமைகளுள் அடங்கும். (தொகை பின்னர் குறைக்கப்பட்டது, வழக்கு 2018இல் இணக்கத்தில் முடிந்தது.)

இனி, தொடும் கை யாருடையது? புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள கண்டக்குழி மீனவக் கிராமம் இவ்வினாவைத் தெளிவாக்குகின்றது. அங்கு கயிறு இழுப்பதும் வலை பொத்துவதும் மீனுக்கு உப்பிடுவதும் கையே. உழைப்பின் உறுப்பாகிய கை உழைப்பின் விளைபொருளுமாகும் என்பது 1876இல் எங்கெல்ஸ் எழுதிய கட்டுரையின் கருத்து. அவ்வாறாயின் காய்த்துத் தடித்த கை, அவ்விளைபொருளின் நிறைவான வடிவம் எனலாம். கண்ணாடித் திரையோ விரல் பட்டதும் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டே தொடுகையை அறிகின்றது. உப்புநீர் படிந்தால் அது தடுமாறும். தடித்துக் காய்ந்த தோலை மங்கலாகவே உணரும். இதனைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் கொள்ளலாகாது. உலர்ந்த, மென்மையான விரலே மனித விரல் என்ற முற்கோள் அக்கருவியின் அமைப்பில் உறைந்துள்ளது. கண்டக்குழி மீனவன் படம் பார்க்குமுன் தன் தொழிலைக் கையிலிருந்து துடைத்தெடுக்க வேண்டியவனாகின்றான்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில் இக்கரையிலிருந்து டொல்பின் பார்க்கச் செல்லும் உல்லாசப் பயணிகள், படகிலிருந்தவாறே தாம் எடுத்த படத்தை இருவிரலால் விரித்து நோக்குவர். படகோட்டியின் கை அவ்வேளை இயந்திரப் பிடியில் இருக்கும். டொல்பின் எங்கே எழும் என்பதை அறிந்தவன் அவனே. படத்தில் அவ்வறிவுக்கு இடமில்லை. சுற்றுலா மூலதனம் குடாநாட்டின் கரைகளை நாடி வந்துள்ள இக்காலத்தில், கடலின் படம் பெருகுவதும் கடலை நம்பி வாழ்வோரின் கரை சுருங்குவதும் ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளல்ல.

எனினும் விடயம் இத்துடன் முடிந்துவிடவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே குடியேறினர். உடைமைகளுள் பெரும்பாலானவற்றை எடுத்துவர அவர்கள் அனுமதிக்கப்படவில்லை. வீட்டுப் புகைப்படங்களும் அங்கேயே நின்றுவிட்டன. விட்டுவந்த வளவைச் செய்மதிப் படத்தில் விரித்துத் தேடும் விரலை வெறும் நுகர்வோனின் விரல் எனத் தள்ளிவிட நம்மால் இயலாது. அவ்விரல் கேட்பது காணி; திரை தருவது அதன் கூரையை மட்டும், அதுவும் மேலிருந்து.