அடுக்களையில் ஆண்டவர்

"கூட்டத்தில் தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன்" என்று நம் சபைகளில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, பாட்டு உச்சத்தில் இருந்த நேரத்தைத்தான். கீபோர்டு முழங்கும், கைகள் உயரும், உடம்பு சிலிர்க்கும். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில், பால் பொங்கி அடுப்பில் வழியும்போது அந்தப் பிரசன்னம் எங்கே? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்டவர் ஊருக்குப் போய்விட்டதுபோலத்தான் பலரும் வாரத்தை ஓட்டுகிறோம். இதற்குப் பதில் வைத்திருப்பவர் 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த ஒரு மடத்துச் சமையற்காரர்.

சகோதரர் லாரன்ஸ் என்பது அவருடைய மடத்துப் பெயர். பிறந்தது லொரேன் பகுதியில். வைத்த பெயர் நிக்கோலா எர்மான். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் எடுபிடி. தொட்டதை எல்லாம் உடைக்கும் ஆள் நான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிசிலிருந்த கார்மெல் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் இல்லாத சாதாரணச் சகோதரராகச் சேர்ந்தவரை அடுக்களைக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 15 ஆண்டுகள் அங்கே. அப்புறம் செருப்புத் தைக்கும் வேலை.

அவரை ரசிக்கத் தொடங்கும் இடம் இதுதான்: அந்த மனிதருக்குச் சமையலே பிடிக்காது. பிரசங்கங்களில் அவரைக் கரண்டி பிடித்துப் புன்னகைக்கும் பரிசுத்தவானாக ஆக்கிவிடுகிறார்கள். பாதிச் சுவை அங்கேயே போய்விடுகிறது. இயல்பாகவே வெறுத்த வேலையைத்தான் அவர் தேவனுக்காகச் செய்யப் பழகினார். ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் வாங்கிவர பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது. கால் ஊனம் வேறு. படகில் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. "இது உம்முடைய காரியம்" என்று ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார், வேலை நல்லபடியாக முடிந்தது. இதைச் சொல்லும்போது அற்புதம் நடந்ததாகவெல்லாம் அவர் பெருமை அடிக்கவில்லை.

இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தது போஃபோர் என்ற குருவானவரால். 1666 ஆகஸ்டில் லாரன்ஸைச் சந்தித்துப் பேசத் தொடங்கிய போஃபோர், அப்படி நான்கு உரையாடல்களை எழுதி வைத்தார். 1691இல் லாரன்ஸ் இறந்தபின் கடிதங்களையும் சேர்த்து வெளியிட்டார். ஒரு கடிதத்தில், இதை யாருக்கும் காட்டாதீர்கள் என்று லாரன்ஸ் நிபந்தனையே போட்டிருக்கிறார். இன்று உலகமே அதைப் படித்துக்கொண்டிருக்கிறது!

அந்த உரையாடல்களும் கடிதங்களும் சேர்ந்தது சின்னப் புத்தகம்தான். ஒரே மூச்சில் படித்தால் சொன்னதையே திரும்பச் சொல்கிறாரே என்று சலிப்புத் தட்டும். ஒரு நாளைக்கு ஒரு கடிதம் போதும். படிக்கும்போது அவர் எதையெல்லாம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். தரிசனம் கண்டதாக இல்லை, இத்தனை மணிக்கு எழுந்திருங்கள் என்ற அட்டவணையும் இல்லை. தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதானாலும் தேவன்மேல் உள்ள அன்பினால் எடுப்பேன் என்கிறார்; அவ்வளவுதான். ஜெப நேரம், வேலை நேரம் என்ற பிரிவே தனக்கு மறைந்துபோனதாகச் சொல்கிறார். இதைக் கேட்டு நாம் குடும்ப ஜெபத்தை நிறுத்திவிட முடியாது. மடத்து ஜெப வேளைகள் எதையும் அவர் விட்டவரல்ல.

நம் ஆட்கள் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று உண்டு. மடத்தில் சேர்ந்த முதல் பத்து ஆண்டுகள் அவருக்கு வேதனையாகவே கழிந்தன. தேவன் தன்னைத் தள்ளிவிட்டாரோ என்ற பயம். விழுவதும் எழுவதுமாக நாட்கள். கடைசிவரை இப்படித்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் சமாதானம் வந்தது. ஆகையால், "எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே" என்று கலங்குபவர்களுக்கே இந்தப் புத்தகம் அதிகம் பேசும். உணர்ச்சி வரும், போகும். ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்பது அதை நம்பியிருக்கவில்லை.

மனம் அலைவதைப் பற்றிய அவருடைய அறிவுரை எனக்கு மிகவும் பிடிக்கும். மறந்துபோனால், மறந்தேன் என்று ஒத்துக்கொண்டு திரும்பி வருவார். தன்னையே திட்டிக்கொண்டு நிற்பதில்லை. நாமோ ஐந்து நிமிடம் மறந்ததற்காக அரை மணி நேரம் குற்ற உணர்வில் உழல்கிறோம். அந்த அரை மணி நேரமும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அருகாமையின் இன்பம் முழுக்க அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது என்பேன். அறுபடாத நினைவு வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு மிஞ்சுவது ஆயாசம்தான்.

இதே வழியில் போனவர் பிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனரி. 1930இல் பிலிப்பைன்ஸின் மிந்தனாவ் தீவில், நிமிடத்துக்கு ஒருமுறையாவது தேவனை நினைக்க முயன்றார். பிறகு அதை ஒரு விளையாட்டாகவே எழுதி, எத்தனை நிமிடம் நினைத்தோம் என்று எண்ணவும் சொன்னார். அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவராது. மதிப்பெண் போட ஆரம்பித்தால் பரிசேயத்தனம் பின்னாலேயே வரும். ஆனால் அவருக்கு நடந்த வேறொன்று முக்கியம். மாலையில் ஒரு குன்றின்மேல் தனியே ஜெபிக்கும்போது, ஊழியம் செய்ய வந்த இடத்து முஸ்லிம் மக்களைத் தான் உள்ளூரத் தாழ்வாகவே நினைத்துவந்தது அவருக்குப் புலப்பட்டது. அதன்பின் அவர்களிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். அவருடைய எழுத்தறிவுப் பணியும் அந்த மக்களிடையேதான் தொடங்கியது. ஆண்டவர் அருகில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், பிடிக்காத வேலையாக. எண்ணெய்ப் பிசுக்குச் சட்டி தேய்ப்பதோ, மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதோ, நச்சரிக்கும் வாடிக்கையாளருக்குப் போன் செய்வதோ. கை வைக்குமுன் ஆண்டவரிடம் ஒரு வரி, உங்கள் சொந்த வார்த்தையில். நடுவில் மறந்துபோகும், நினைவு வந்ததும் இன்னொரு வரி. நீளமாக ஜெபிக்க வேண்டாம், நீளம் மனதை அலையவிடும் என்பது லாரன்ஸின் அனுபவம். முடிந்ததும் நன்றாக வந்திருந்தால் நன்றி சொல்லுங்கள், சொதப்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சிலிர்ப்பு வந்ததா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். ஒரு மாதமாவது அந்த ஒரு வேலையோடு நில்லுங்கள். அடுத்ததை அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம்.