மாயாவியும் கூர்மண்டையரும்: குற்றநாயகர் சித்திரக்கதைகளின் தமிழாக்கமும் வாசகர் ஏற்பும்

சித்திரக்கதைகளைச் சிறுவர்க்குரியவை எனக் கருதி ஒதுக்கிவிடும் போக்குத் தமிழாய்வில் நெடுங்காலமாக உண்டு. மொழிபெயர்ப்பாய்வும் இதற்கு விலக்கன்று. ஆயினும் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்த ‘இரும்புக்கை மாயாவி’யும், 1984இல் லயன் காமிக்ஸ் வெளியிட்ட ‘எத்தனுக்கு எத்தன்’ வழியாகத் தமிழுக்கு வந்த ஸ்பைடரும் அரை நூற்றாண்டு அளவில் தமிழ் வாசகரிடையே வாழ்ந்துவரும் பாத்திரங்கள். மறுபதிப்பு வரும்போதெல்லாம் இவர்களைப் பற்றிய கருத்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் இவற்றைக் கொண்டாடுகின்றனர். மறு சாரார் இவை இன்று படிக்கத்தக்கன அல்ல என்கின்றனர். இப்பிளவுக்கு வயதையும் இளமைக்கால நினைவையுமே காரணமாகக் காட்டுவது வழக்கம். அக்காரணம் பொய்யன்று, போதுமானதும் அன்று. இரு சாராரும் ஒரே நூலைப் படிக்கவில்லை என்பதும், பிளவின் வேர் தமிழாக்கத்தின் சில மொழித் தேர்வுகளில் உள்ளது என்பதும் இங்கு நிறுவப்பெறும்.

இதனை எடைபோடுவதற்குத் தமிழ் மட்டும் அறிந்த வாசகரைக் காட்டிலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து இருமொழி வாசகரே ஏற்ற அளவுகோல். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய வடஆர்க்காட்டினின்று பிரிந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்துள் அமைந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தை அடைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் குடும்பங்கள் அங்கு உள்ளன. சித்தூரிலிருந்து வேலூர் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. இத்தகைய வாசகர் ஒரு கையில் தமிழ்ச் சித்திரக்கதையையும் மறு கையில் தெலுங்குத் துப்பறியும் நாவலையும் வைத்துப் பார்க்கக்கூடியவர். தமிழாக்கம் எங்கே தேர்ந்தது, எங்கே நழுவவிட்டது என்பது அவ்வொப்பீட்டில் தெளிவாகும்.

முதலில் மூலங்களின் இயல்பைச் சுருங்கக் காண்போம். ‘ஸ்டீல் க்ளா’ 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கியது. தொடக்கக் கதைகளை கென் பல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டல் வலக்கையை இழந்து உலோகக் கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் தாக்கினால் அவன் உடல் மறையும். உலோகக் கை மட்டும் புலப்படும். அவன் தன் ஆற்றலை முதலில் பயன்படுத்துவது கொள்ளைக்கு. உளவுப் படையில் சேர்வதெல்லாம் பிற்பாடு. ‘ஸ்பைடர்’ 1965இல் அங்குள்ள ‘லயன்’ இதழில் வெளிவரத் தொடங்கியது. டெட் கோவன் படைத்து, ரெக் பன் வரைந்து, பின்னர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல் எழுதிய தொடர் இது. குற்றவாளிகளின் அரசனாவதே ஸ்பைடரின் முதற்குறிக்கோள். பிரெஞ்சில் ‘கருமை’ எனப் பொருள்படும் ‘நுவார்’ என்னும் வகையின் கூறுகள் இரண்டிலும் உள்ளன: கனத்த நிழல், நகரத்து இரவு, யார் பக்கம் நிற்பது என வாசகனைத் தயங்கவைக்கும் நாயகன். அந்தத் தயக்கமே இக்கதைகளின் உயிர்.

இத்தயக்கத்தைத் தமிழ் எவ்வாறு கையாண்டது என்பதற்கு முதற்சான்று பெயர். மூலப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘எஃகு நகம்’ என்றோ ‘உருக்கு உகிர்’ என்றோ அமையும். தமிழாக்கியோர் இரண்டையும் விடுத்தனர். எஃகு இரும்பாயிற்று, விலங்குக்குரிய உகிர் மனிதனுக்குரிய கையாயிற்று. தமிழில் கை என்பது வெறும் உறுப்பன்று. கைகொடுத்தல், கைதூக்கிவிடுதல், கைவிடுதல் எனப் பல வழக்குகளில் அது உறவின் சொல். அரசியல் உரைகளில் அடக்குமுறையைக் குறிக்கும் ‘இரும்புக்கரம்’ என்பதையும் அவர்கள் தேராதது கருதத்தக்கது. அதனோடு மூலத்தில் இல்லாத ‘மாயாவி’ என்னும் சொல்லைச் சேர்த்தனர். வாலியோடு பொருது குகையுள் ஒளிந்த அசுரனின் பெயர் அது. 1951இல் இருமொழியிலும் வெளிவந்த ‘பாதாள பைரவி’யின் நேபாள மாந்திரிகனைக் கண்ட தெலுங்கு, தமிழ் வாசகர்க்கு மாயம் செய்பவன் அஞ்சத்தக்கவனாகவும் வியக்கத்தக்கவனாகவும் ஒருங்கே தோன்றுவான். ‘இரும்புக்கை’ அணுக்கத்தைத் தர, ‘மாயாவி’ ஐயத்தை மீட்டுத் தருகிறது. மூலப்பெயர் ஒரு கருவியைச் சுட்டுகிறது. தமிழ்ப்பெயர் ஓர் ஆளைச் சுட்டுகிறது. இது மூலத்தினும் சிறந்த பெயர் எனத் துணிந்து கூறலாம்.

‘நிழற்படை’யும் இத்தகையதே. கிராண்டல் பின்னர்ச் சேரும் உளவு அமைப்புக்கு இட்ட இத்தமிழ்ப் பெயர் இன்றும் புதுமை குன்றாதது. மதுபாபுவின் தெலுங்கு நாவல்களில் வரும் உளவுநாயகன் ‘ஷேடோ’ என்னும் ஆங்கிலப் பெயரோடே உலவுகிறான். திருப்பதி வாசகருக்கு ஒரு மொழியில் நிழல் ஆங்கில ஒலியாகவும் மறுமொழியில் தன் சொல்லாகவும் கிடைக்கிறது.

ஸ்பைடர் வகையில் நிலைமை வேறு. பெயர் ஒலிபெயர்ப்பாகவே நின்றது. எனவே அவனை விளக்கும் பணி தலைப்புகளைச் சார்ந்தது. ‘எத்தனுக்கு எத்தன்’ என்பது மக்கள் வழக்கு. எத்தனை வெல்பவனும் எத்தனே என அது கூறுவதால் நாயகனைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. கள்வர்க்கு அரசனாக விழையும் ஒருவனுக்கு இதனினும் பொருத்தமான தலைப்பு அமைவதரிது. பின்னர் வந்த ‘நீதிக்காவலன் ஸ்பைடர்’ என்னும் தலைப்போ வாசகன் எடுக்க வேண்டிய முடிவை அட்டையிலேயே எடுத்துவிட்டது. மூலத்திலும் அவன் குற்றத்தை எதிர்ப்பவனாக மாறுகிறான் என்பது உண்மையே. ஆயின் அம்மாற்றத்திலும் அவனுடைய தற்பெருமை குறைவதில்லை. நீதியின் மேலுள்ள பற்றைவிடத் தன்னை விஞ்ச எவனும் இல்லை என்னும் செருக்கே அவனை இயக்குகிறது. ‘நீதிக்காவலன்’ என்னும் சொல்லில் அச்செருக்குக்கு இடமில்லை.

அடுத்தது படர்க்கைச் சுட்டு. ஆங்கிலத்தின் ஆண்பாற் சுட்டுக்கு மதிப்பு வேறுபாடு இல்லை. கள்வனுக்கும் நீதிபதிக்கும் ஒன்றே. தெலுங்கில் ‘வாடு’, ‘அதனு’, ‘ஆயன’ என்னும் படிநிலை உண்டு. அவற்றுள் நடுவணதாகிய ‘அதனு’ இழிவும் உயர்வும் இன்றி ஒருவனைச் சுட்ட வல்லது. ‘வாடு’ என்பதற்கும் ‘அதனு’ என்பதற்கும் வினைமுற்று ‘வச்சாடு’ என ஒன்றாகவே அமைவதால் விகுதியும் தீர்ப்புக் கூறுவதில்லை. கொம்மூரி சாம்பசிவராவின் துப்பறிவாளர் யுகந்தர் முதலாகத் தெலுங்கு வெகுசன நாவல்கள் இந்நடுநிலையின் பயனைப் பெற்றவை. இன்றைய தமிழிலோ ‘அவன்’, ‘அவர்’ என்னும் இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்; ‘வந்தான்’, ‘வந்தார்’ என வினைமுற்றும் உடன்பட வேண்டும். கொள்ளையடிக்கும் கிராண்டலை ‘மறைந்தான்’ என எழுதுவதில் இடரில்லை. அவனே நிழற்படையில் சேர்ந்தபின் எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் ‘மறைந்தார்’ என மாறுவது? மாற்றினால் மூலம் மெல்லப் புலப்படுத்தும் மனமாற்றத்தை விகுதி உரக்க அறிவித்துவிடும்; மாற்றாவிடின் உளவுத்தலைவரோடு உரையாடும் நாயகன் வேலையாள் போல ஒலிக்கக்கூடும்.

தமிழ் இதற்கு ஒரு பழைய வழியையும் வைத்துள்ளது. காப்பிய மரபில் ‘-அன்’ ஈறு தாழ்வைக் குறிப்பதன்று. இராமனும் இராவணனும் அதே ஈற்றைப் பெறுகின்றனர். ‘காவலன்’ என்பதில் அந்த மரபே தொழிற்படுகிறது. காப்பிய ‘அன்’ ஈற்றையும் அன்றாடப் பேச்சின் ‘அவன்’ என்பதையும் ஒருங்கே கேட்கும் தமிழ்ச் செவிக்கு ஒரே வடிவம் வீரனையும் கள்வனையும் சுட்டும். நுவார்க் கதைக்கு இதைவிட வாய்ப்பான இலக்கணக் கூறு வேறில்லை. இதைத் தமிழாக்குவோர் தெரிந்தே கையாளலாம்.

உரையாடல் நடைக்கு வரும்போது குறை வெளிப்படையாகிறது. நுவார் வகை தெருப்பேச்சால் இயங்குவது. பழைய சித்திரக்கதைத் தமிழாக்கங்களிலோ நியூயார்க்கின் கள்வனும் காவலனும் விஞ்ஞானியும் பெரும்பாலும் ஒரே எழுத்துநடையில் பேசினர். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கென வரையப்பட்ட பேச்சுக் குமிழுக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்க வேண்டிய நெருக்கடியும் இதற்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் இரட்டை வழக்கு. கிடுகு ராமமூர்த்தி (1863-1940) முன்னெடுத்த வியாவகாரிக மொழி இயக்கத்தின் பின் தெலுங்கு உரைநடை பேச்சை நெருங்கி வந்தது. தமிழில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இடைவெளி அகலமாகவே உள்ளது. தெலுங்கு நாவலைப் படித்துப் பழகிய சித்தூர் வாசகர்க்கு மாயாவியின் உலகத்தில் அடியாளும் ஆசிரியர் போலப் பேசுவது உறுத்தாமல் இராது. படத்தில் நிழல் கனக்கிறது; குமிழில் வெளிச்சம் அடிக்கிறது. ஓவியத்தை முதன்மையாகக் கொண்டு படிப்பவர் ஏமாற்றமடைவதும், சொல்லை முதன்மையாகக் கொண்டு படித்து வளர்ந்தவர் மகிழ்வதும் இம்முரணால் விளைவன.

தொடர்வடிவமும் தன் பங்கை ஆற்றியது. வாரந்தோறும் ஓரிரு பக்கமாக, ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஓர் ஆபத்தை நிறுத்தி எழுதப்பெற்றவை இவை. அவற்றை ஒரே புத்தகமாகத் தொகுத்தபோது ஆபத்துகள் அடுக்கடுக்காக வந்தன. இதற்கு வாசகர் தந்த பெயர் ‘பூச்சுற்றல்’. காதில் பூச்சுற்றுதல் என்னும் வழக்கின் சுருக்கம். தெலுங்கிலும் ‘செவிலோ புவ்வு பெட்டடம்’ என்று இதே வழக்கு உண்டு. எல்லைக்கு இருபுறமும் நம்பாமையைக் குறிக்கப் பூவையே எடுத்தாண்டிருப்பது சுவையான செய்தி. தமிழ்ச் சித்திரக்கதை வாசகரிடையே இச்சொல் கண்டனமாக மட்டும் நில்லாமல் ஒரு கதைவகையின் பெயராகவே வழங்கலாயிற்று. ‘இது பூச்சுற்றல்’ என்பவர் நூலை வாங்காமல் விடுவதில்லை.

இவ்விரட்டை மனநிலையின் மிகச் செறிந்த வெளிப்பாடு, கூரிய தலைவடிவம் கொண்ட ஸ்பைடருக்கு வாசகர் இட்ட ‘கூர்மண்டையர்’ என்னும் பெயர். ‘சட்டித்தலையன்’ எனப்பெறும் ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனின் பெயரோடு ஒப்பிட்டால் அதன் நுட்பம் விளங்கும். பகடிப் பெயர்க்கு இயல்பான ஈறு ‘-அன்’, ஸ்பைடருக்கோ உயர்வுப்பன்மை. ‘மண்டை’ எள்ளுகிறது, ‘-அர்’ வணங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் முன் நின்ற அவன்/அவர் என்னும் சிக்கலை வாசகர் ஒரே சொல்லில் தீர்த்துவிட்டனர் எனலாம். இங்குப் பழிப்பவரும் போற்றுபவரும் இரு குழுவினர் அல்லர். ஒரே வாசகரின் இரு குரல்கள்.

2012இல் லயன்-முத்து இதழ்கள் புத்துயிர் பெற்றபின் வந்த பிரெஞ்சு-பெல்ஜியக் கிராபிக் நாவல்கள் சிலவற்றை வாசகருள் ஒரு பகுதியினர் ‘அழுகாச்சிக் காவியம்’ எனக் கேலி செய்ததையும் இதனோடு இணைத்துக் காண வேண்டும். அவற்றில் இருள் மறைக்கப்படவில்லை. நாயகன் தோற்கிறான், சில வேளை சாகிறான். மாயாவியின் இருளைப் பெயராலும் நடையாலும் இளக்கித் தந்த மரபில் வளர்ந்த சுவை, இளக்காத இருளைக் கண்டு பின்வாங்குகிறது. எனவே மறுபதிப்புக்கு எழும் வரவேற்பையும் புதியவற்றுக்கு எழும் எதிர்ப்பையும் வெவ்வேறு செய்திகளாகக் கொள்ளலாகாது.

மறுபதிப்பு முயற்சியில் பழைய தமிழாக்கத்தை அப்படியே அச்சிடுவதா, புதிதாகப் பெயர்ப்பதா என்னும் வினா எழுகிறது. முழுமையாக மாற்றுவது பிழை. இரும்புக்கை மாயாவி, நிழற்படை, எத்தனுக்கு எத்தன் ஆகியவை இனித் தமிழின் சொத்து. முழுமையாகக் காப்பதும் பயனின்று. குமிழ்களுக்குள் உள்ள பேச்சு மூலத்துக்கும் உரியதன்று, மக்களுக்கும் உரியதன்று. பெயர்களை நிறுத்திப் பேச்சை மாற்ற வேண்டும். அம்மாற்றத்தில் கள்வர் எந்த வட்டாரத் தமிழில் பேசுவர் என்பது எளிய வினாவன்று. சென்னைத் தமிழைக் கள்வர்க்கே ஒதுக்குவது திரைப்படம் செய்துவிட்ட தீங்கு; அதனை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. திருப்பதிப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறையும் 1997இல் குப்பத்தில் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும் இருமொழி மாணவரைக் கொண்டவை. கிராண்டல் கதையின் முதல் சில பக்கங்களை ‘அதனு’ என்பதன் நடுநிலையோடு தெலுங்கிலும், அந்நடுநிலையைத் தமிழில் எவ்வாறு பெறுவது என்னும் வினாவோடு தமிழிலும் பெயர்க்கச் செய்வது அங்குத் தகுந்த வகுப்புப் பயிற்சியாகும். சுட்டுப்பெயரையே தவிர்த்து, வினையெச்சங்களாலும் செயப்பாட்டு வினையாலும் கதையை நகர்த்த இயலுமா என்பதை அங்கே முதலில் சோதிக்கலாம்.